ஏரிக்கு மேலே ஏறிய செயற்கைக்கோள்

2015 ஆகஸ்ட் 27, வியாழக்கிழமை, மாலை 4 மணி 52 நிமிடம். ஸ்ரீஹரிகோட்டாவின் இரண்டாவது ஏவுதளத்திலிருந்து ஜிஎஸ்எல்வி-டி6 ராக்கெட் கிளம்பியது. 49 மீட்டர் உயரம், 416 டன் எடை. அதன் உச்சியில் 2,117 கிலோ எடையுள்ள ஜிசாட்-6 இருந்தது. பழவேற்காட்டுக்கு அந்த ஏவுதளம் வடக்கே ஏறத்தாழ 33 கிலோமீட்டர். லைட்ஹவுஸ் குப்பத்துக் கரையில் நின்றால் நெருப்பு முதலில் தெரியும். உறுமல் வந்து சேர ஒன்றரை நிமிடம் ஆகும். அதற்குள் ராக்கெட் கடலுக்கு மேல் வெகுதூரம் போயிருக்கும். பதினேழாவது நிமிடத்தில் ஜிசாட்-6 ராக்கெட்டை விட்டுப் பிரிந்து தன் வழியில் போனது.

மேலே போன ஆயிரம் பொருள்களில் இந்த ஒன்றின் கதையை எடுத்துச் சொல்லக் காரணம் இருக்கிறது. அது தரையில் உருவாகும் முன்பே அதன் அலைவரிசையை அரசு நிறுவனம் ஒன்று ஒரு தனியார் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்திருந்தது. பிறகு அரசே அதைத் திரும்ப எடுத்துக்கொண்டது. அதனால் எழுந்த வழக்குகள் பாரிஸ், ஹேக், டெல்லி, வாஷிங்டன் என்று சுற்றின. மேலே போய் ஒன்பது ஆண்டுகள் கழித்து, அதே செயற்கைக்கோள் மீன்பிடிப் படகில் பொருத்தும் ஒரு சிறு பெட்டியின் வழியாகக் கடலுக்கு இறங்கி வந்தது. அலைக்கற்றையை நம் அரசு யாருக்காக, எந்த வரிசையில் கொடுக்கிறது என்பதை இந்த ஒரு பொருளின் பயணத்தைப் பின்தொடர்ந்தாலே தெரிந்துகொள்ளலாம்.

பழவேற்காடு ஏரி, சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திரத்தில் கிடக்கிறது, தெற்கு ஓரம் திருவள்ளூர் மாவட்டத்தில். ஆரணி ஆறும் காளங்கி ஆறும் அதில் கலக்கின்றன. ஏரியையும் வங்கக் கடலையும் பிரித்து நீளமாகக் கிடக்கும் மணல் தீவுதான் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் தளத்துக்கு 1969இல் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தபோது சொன்ன காரணங்கள் எளிமையானவை: கிழக்கே திறந்த கடல், நிலநடுக்கோட்டுக்கு ஓரளவு பக்கம், குடியிருப்பு குறைவு. குறைவுதான், ஆனால் ஆளில்லாத தீவு அல்ல. யானாதி பழங்குடியினர் அங்கே வாழ்ந்தார்கள், மீன்பிடித்து வாழ்ந்த குடும்பங்களும் இருந்தன. 43,360 ஏக்கரும் 50 கிலோமீட்டர் கடற்கரையும் விண்வெளி மையத்துக்குள் போயின. 1971 அக்டோபர் 9 அன்று முதல் ரோகிணி ராக்கெட் அங்கிருந்து பறந்தது.

அன்றிலிருந்து ஏரிக்கரை ஊர்களின் நாட்காட்டியில் இன்னொரு வகை விடுமுறை சேர்ந்துவிட்டது. ராக்கெட் ஏவும் நாளில் கடலுக்குப் போகக் கூடாது என்று மீன்வளத் துறை முன்கூட்டியே அறிவிக்கும். கடலோரக் காவல்படையும் கடலோரப் பாதுகாப்புக் குழும போலீசாரும் படகுகளைத் தடுப்பார்கள். அரங்கங்குப்பம், கூனங்குப்பம், வைரவன்குப்பம், கோரைக்குப்பம் என்று கரையோர ஊர்களில் அன்றைக்குத் தொழில் இல்லை. ஏவுதல் தள்ளிப்போனால் தடையும் இன்னொரு நாளுக்குப் போகும். நாட்டின் விண்வெளிப் பெருமைக்கு இந்தக் குப்பங்கள் தம் கூலி நாள்களைக் கொடுத்து வந்திருக்கின்றன. இதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. ஆகவே இந்தக் கதையில் முதலில் எழுதிவைக்கிறேன்.

ஜிசாட்-6 பேசும் அலைவரிசைக்கு எஸ்-பேண்ட் என்று பெயர். ஏறத்தாழ 2.5 ஜிகாஹெர்ட்ஸ், அலைநீளம் 12 சென்டிமீட்டர். வீட்டு மாடியில் இருக்கும் டிடிஎச் டிஷ் இதைவிட மிக உயர்ந்த அலைவரிசையில் வேலை செய்கிறது. பெருமழை பிடித்தால் படம் நின்றுபோவது அதனால்தான். எஸ்-பேண்ட் அலைக்கு மழையும் மேகமும் பெரிய தடை இல்லை. புயல் நேரத்தில் வேலை செய்ய வேண்டிய கருவிக்கு இதைவிடப் பொருத்தமான அலைவரிசை கிடைப்பது அரிது. ஆனால் தரையில் செல்போன் கம்பெனிகளுக்கும் இதே அலைவரிசை மேல் ஆசை உண்டு. நான்காம் தலைமுறை இணையத்துக்கு உலகம் முழுக்கக் கேட்கப்பட்ட அலைவரிசைகளில் இதுவும் ஒன்று. இந்தியாவில் அதன் பெரும்பங்கு விண்வெளித் துறையிடம் இருந்தது. கடலுக்கும் கடைத்தெருவுக்கும் ஒரே நேரத்தில் வேண்டிய பொருள் என்றால் பிரச்சினை வராமல் இருக்காது.

2005 ஜனவரி 28 அன்று, இஸ்ரோவின் வணிகப் பிரிவான ஆன்ட்ரிக்ஸ், பெங்களூரைச் சேர்ந்த தேவாஸ் மல்டிமீடியா என்ற புதிய நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டது. தேவாஸ் பதிவாகிச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. இனிமேல் கட்டப்படவிருந்த இரண்டு செயற்கைக்கோள்களின் பெரும்பகுதித் திறனை 12 ஆண்டுகளுக்குக் குத்தகைக்கு விடுவது, அதற்கு 30 கோடி டாலர் பெறுவது என்பது பேச்சு. அதோடு எஸ்-பேண்டில் 70 மெகாஹெர்ட்ஸும் போனது. செல்போனுக்கும் ஓடும் வண்டிகளுக்கும் வீடியோ, பாட்டு, இணையம் அனுப்புவது தேவாஸின் திட்டம். அந்த இரண்டு செயற்கைக்கோள்கள்தான் பின்னால் ஜிசாட்-6, ஜிசாட்-6ஏ ஆயின. செயற்கைக்கோளைக் கட்ட ஒப்புதல் கேட்டு அமைச்சரவைக்குப் போன குறிப்பில் இந்தக் குத்தகை பற்றிய பேச்சே இல்லை என்பதைத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் பிறகு சுட்டிக்காட்டினார்.

இங்கே ஏரிக்குத் திரும்ப வேண்டும். பழவேற்காட்டில் அலைக்கற்றைக்கு முந்தைய ஒரு பங்கீட்டுச் சட்டம் இருக்கிறது. அதன் பெயர் பாடு. கோட்டைக்குப்பம், நடூர் மாதாகுப்பம் போன்ற ஊர்களின் தலைக்கட்டுகள், இறால் பிடிக்கும் இடங்களைத் தலைமுறைகளாக முறைவைத்துப் பகிர்ந்துகொள்கின்றன. ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் இரண்டு பேர் வலை கட்டினால் இருவருக்கும் நஷ்டம். ஆகவே இன்று உனக்கு, நாளை எனக்கு. நல்ல இடம் எப்போதும் ஒருவரிடமே நிற்பதில்லை, சுற்றி வரும். யாருக்கு எந்த நாள் என்பது ஊருக்கே தெரியும். பஞ்சாயத்தார் முன்னிலையில் முடிவாகும் விஷயம் அது. அலைக்கற்றையின் அடிப்படைச் சிக்கலும் இதுவேதான்: ஒரே இடத்தில், ஒரே அலைவரிசையில் இரண்டு பேர் பேச முடியாது. ஏரித் தண்ணீர் யாருக்கும் சொந்தமில்லை என்பதைப் போல வானத்தின் அலைவரிசையும் யாருக்கும் சொந்தமில்லை. யாருக்கு முறை என்று தீர்மானிப்பவர் யார், அது எல்லோருக்கும் தெரியும்படி நடக்கிறதா என்பதுதான் கேள்வி.

பாடு முறையைப் புகழ்ந்துவிட்டு நகர்வது சரியாகாது. அது ஒரு சாதியின் தலைக்கட்டுகளுக்குள் சுழலும் முறை. ஏரியை நம்பி வாழும் மற்றவர்கள், குறிப்பாக இருளர்களும் தலித் மீனவர்களும், அதற்கு வெளியே நிற்கிறார்கள். அதனால் சண்டைகளும் நடந்திருக்கின்றன. பங்கு போடும் இடத்தில் உட்கார முடியாதவருக்குப் பங்கு கிடைப்பதில்லை. டெல்லியில் அலைக்கற்றை பங்கு போடப்பட்டபோது கடல்தொழில் செய்பவர் உட்கார இடம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

இந்திய அரசு இந்தப் பங்கீட்டை இருபது ஆண்டுகளில் வெவ்வேறு விதமாகச் செய்து பார்த்தது. 2008இல் முதலில் வந்தவருக்கு முதலில் என்று 122 செல்போன் சேவை உரிமங்கள் கொடுத்தது. 2012 பிப்ரவரி 2 அன்று உச்ச நீதிமன்றம் அத்தனையையும் ரத்து செய்தது. நடுவே 2010இல் ஏலம் விட்டது. மூன்றாம் தலைமுறை அலைக்கற்றை 67,719 கோடி ரூபாய்க்கும், அகன்ற அலைவரிசை 38,543 கோடி ரூபாய்க்கும் போயின. அந்தத் தொகைகளைப் பார்த்த பிறகுதான் 2005ஆம் ஆண்டு தேவாஸ் ஒப்பந்தத்தின் பக்கம் எல்லோர் கண்ணும் திரும்பியது. 70 மெகாஹெர்ட்ஸை ஏலமில்லாமல் கொடுத்தது எப்படி என்று நாளிதழ்கள் கேட்டன. 2011 பிப்ரவரி 17 அன்று, பாதுகாப்புக்கான அமைச்சரவைக் குழு ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளத் தீர்மானித்தது. எஸ்-பேண்டை வணிகத்துக்குத் தர முடியாது, ராணுவம், துணை ராணுவம், ரயில்வே, பொதுச் சேவைகள், சமூகத் தேவைகள் ஆகியவற்றுக்கு வேண்டியிருக்கிறது என்பது அரசு சொன்ன காரணம்.

அந்த அறிவிப்பில் கடைசியாக வரும் 'சமூகத் தேவைகள்' என்ற சொல்லை நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். ஒரு செயற்கைக்கோளின் மேல் மக்களுக்கு உரிமை எழுதப்பட்ட இடம் அதுதான். ராணுவத்துக்குப் பின்னால், ரயிலுக்குப் பின்னால், பட்டியலின் கடைசியில் என்றாலும் எழுதப்பட்டது. ஒப்பந்தத்தை முறித்ததற்காக நாடு கொடுக்க நேரும் விலைக்கு நியாயம் சொல்லக்கூடிய சொல்லும் அது ஒன்றுதான்.

விலை பெரியது. ஜிசாட்-6 விண்ணுக்குப் போய்ப் பதினெட்டாவது நாள், 2015 செப்டம்பர் 14 அன்று, பன்னாட்டு வணிகச் சங்கத்தின் நடுவர் மன்றம், ஆன்ட்ரிக்ஸ் தேவாஸுக்கு 56 கோடியே 25 லட்சம் டாலரும் வட்டியும் தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. தேவாஸின் மொரீஷியஸ் முதலீட்டாளர்களும் ஜெர்மனியின் டாய்ச்ச டெலிகாமும் தனித்தனியாக இந்தியாவுக்கு எதிராகத் தீர்ப்புகள் வாங்கினார்கள். உள்நாட்டில் கதை வேறு பக்கம் திரும்பியது. தேவாஸ் தொடங்கப்பட்டதே மோசடி நோக்கத்தில் என்று சொல்லி, அதைக் கலைக்கும் உத்தரவை 2022 ஜனவரி 17 அன்று உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2025 ஜூன் 5 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஆன்ட்ரிக்ஸ் மீதான வழக்கு அங்கே தொடர வழிவிட்டது. வழக்கறிஞர்களுக்கு இது இன்னும் பல ஆண்டு வேலை. அதை அவர்களிடம் விட்டுவிடலாம்.

ஜிசாட்-6 அந்தச் சண்டைகள் எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. பூமியிலிருந்து ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில், கிழக்குத் தீர்க்கரேகை 83 பாகையில் அதன் இருப்பிடம். அங்கே போகும் வழியில் தன் முக்கியமான உறுப்பை விரித்தது: 6 மீட்டர் விட்டமுள்ள ஆன்டெனா. அதுவரை இஸ்ரோ எந்தச் செயற்கைக்கோளுக்கும் அவ்வளவு பெரிய ஆன்டெனா செய்ததில்லை. ராக்கெட்டின் தலைக்குள் அடங்காது என்பதால் மடித்து அனுப்பி மேலே விரித்தார்கள். ஐந்து கதிர்க்கற்றைகளாகப் பிரிந்து இந்தியா முழுவதையும் அது மூடுகிறது. மேலே இருக்கும் ஆன்டெனா பெரிதாக இருந்தால் கீழே இருக்கும் ஆன்டெனா சின்னதாக இருக்கலாம். சிறிய கருவி, சிறிய பேட்டரி, ஆடும் படகு, நனையும் தளம்: இத்தனைக்கும் இடம் கொடுக்கும்படி இந்தச் செயற்கைக்கோள் வடிவமைக்கப்பட்டிருந்தது. வீடியோவுக்காகத் தொடங்கிய வடிவமைப்பு, கடலுக்கென்றே செய்ததுபோல அமைந்தது.

ஆனாலும் கடலுக்கு வரவில்லை. மேலே போன பிறகு பாதுகாப்புப் பயன்பாடு பற்றியே அதிகம் பேசினார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து, 2017 நவம்பர் 30 அன்று, ஓக்கி புயல் கன்னியாகுமரிக் கடலைத் தாக்கியது. புயல் என்று அறிவிப்பு வந்தபோது தூத்தூர்ப் பகுதி மீனவர்கள் பல நாள் பயணத்தில் ஆழ்கடலில் இருந்தார்கள். கரையிலிருந்து சுமார் 10, 12 கிலோமீட்டர் தாண்டினால் செல்போன் சிக்னல் கிடையாது. படகில் இருக்கும் வயர்லெஸ் செட் பக்கத்துப் படகோடு பேச உதவுமே தவிர, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டிப் பேசாது. அவர்களிடம் யாரும் சொல்ல முடியவில்லை, அவர்களும் யாரையும் கூப்பிட முடியவில்லை. தமிழ்நாட்டிலும் கேரளத்திலுமாக நூற்றுக்கணக்கானோர் திரும்பவில்லை. அப்போது அந்தக் கடலையும் சேர்த்து மூடியபடி ஜிசாட்-6 மேலே நின்றுகொண்டிருந்தது. இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. தொழில்நுட்பம் இருந்தது, செயற்கைக்கோள் இருந்தது, 'சமூகத் தேவைகள்' என்று எழுதிய தாளும் இருந்தது. படகில் வைக்க ஒரு பெட்டி இல்லை.

சாட்டிலைட் போன் வாங்கிக்கொண்டால் என்ன என்று கரையில் இருப்பவர்கள் எளிதாகக் கேட்பார்கள். சட்டம் அதற்கு வழி விடவில்லை. 1885ஆம் ஆண்டு தந்திச் சட்டமும் 1933ஆம் ஆண்டு வயர்லெஸ் சட்டமும், உரிமம் இல்லாமல் அத்தகைய கருவியை வைத்திருப்பதையே குற்றமாக்கின. துரையா, இரிடியம் போன்ற கருவிகளுக்கு 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு கெடுபிடி இன்னும் கூடியது. அனுமதி இருந்த வழி பிஎஸ்என்எல் தரும் இன்மார்சாட் வகைப் போன். அதன் விலை ஃபைபர் படகுக்காரரின் கைக்கு எட்டவில்லை. அந்நியர் ஊடுருவலைத் தடுக்க எழுதிய விதி, சொந்த நாட்டு மீனவரை நடுக்கடலில் ஊமையாக்கியது. பாதுகாப்புக் காரணங்களை நான் குறைத்து மதிப்பிடவில்லை. மும்பைக்கு வந்தவர்கள் குபேர் என்ற மீன்பிடிப் படகைக் கைப்பற்றித்தான் வந்தார்கள். ஆனால் ஒரு கருவியைத் தடை செய்யும் அரசுக்கு, அதே வேலையைச் செய்யும் வேறொன்றைத் தரும் பொறுப்பும் அன்றே வந்துவிடுகிறது.

ஓக்கிக்குப் பிறகு வேகம் கூடியது. 2018 மார்ச் 29 அன்று ஜிசாட்-6இன் இணையான ஜிசாட்-6ஏ அதே தளத்திலிருந்து கிளம்பியது. இரண்டாவது முறை பாதையை உயர்த்திய பிறகு அதோடு தொடர்பு அறுந்தது, திரும்பவில்லை. இரண்டு பேர் சுமக்க வேண்டியதை ஜிசாட்-6 தனியே சுமக்க வேண்டியதாயிற்று. 2019 அக்டோபரில், ஹைதராபாத்தில் இருக்கும் இந்தியக் கடல்சார் தகவல் மையம் ஜெமினி என்ற கருவியை வெளியிட்டது. ககன் செயற்கைக்கோள்களிலிருந்து புயல் எச்சரிக்கையையும் மீன் கிடைக்கும் இடத்தையும் வாங்கி, புளூடூத் வழியாகப் போனுக்குத் தரும். நல்ல கருவிதான். ஆனால் அது கேட்கும், பேசாது. அதற்கு முன்பே இஸ்ரோ செய்திருந்த ஆபத்து அறிவிப்புக் கருவி இதற்கு நேர் எதிர்: கூப்பிடும், பதில் வந்ததா என்று சொல்லாது. பதில் சொல்லும் இரண்டாம் தலைமுறைக் கருவி 2024 தொடக்கத்தில்தான் நடைமுறைக்கு வந்தது. கவிழ்ந்த படகின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டிருப்பவருக்குத் தன் குரல் கரைக்கு எட்டியது என்ற ஒரே செய்தி எவ்வளவு பெரியது என்று யோசித்துப் பாருங்கள்.

2024 ஆகஸ்ட் 30. மகாராஷ்டிரத்தின் பால்கரில் பிரதமர் ஒரு திட்டத்தைத் தொடங்கிவைத்தார். கடலோர மாநிலங்களும் ஒன்றியப் பிரதேசங்களுமாகப் பதின்மூன்று இடங்களில், ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளுக்கு டிரான்ஸ்பாண்டர் பெட்டி. செலவு 364 கோடி ரூபாய், அதாவது படகுக்குச் சராசரியாக 36,400 ரூபாய். மீனவருக்கு இலவசம். பெரிய விசைப்படகோடு நிற்காமல், எஞ்சின் மாட்டிய படகுகளையும் திட்டம் சேர்த்துக்கொள்கிறது. பழவேற்காட்டின் கடல்தொழில் படகுகள் இந்த இரண்டாம் வகை. பெட்டி பேசுவது ஜிசாட்-6 வழியாக. தேவாஸின் வாடிக்கையாளர்களுக்காக எண்ணப்பட்ட அலைக்கற்றை அது.

பெட்டியின் வேலை இதுதான். படகில் பொருத்திய கருவி தன் இருப்பிடத்தை மேலே அனுப்பும். செயற்கைக்கோள் அதைத் தரை நிலையத்துக்கு இறக்கும். 72,000 கிலோமீட்டர் போய் வர அலைக்கு ஆகும் நேரம் கால் விநாடி. மீனவர் தன் செல்போனை புளூடூத்தில் இணைத்து, நபமித்ரா என்ற செயலியில் தன் மொழியிலேயே செய்தி படிக்கலாம், அனுப்பலாம். புயல் எச்சரிக்கை வரும். மீன் கூட்டம் இருக்க வாய்ப்புள்ள இடம் வரும். எல்லையை நெருங்கினால் எச்சரிக்கும். ஆபத்து என்றால் அழுத்த ஒரு பொத்தான் உண்டு.

பழவேற்காட்டுப் படகுகள் பெரும்பாலும் அன்றன்றைக்குத் திரும்புபவை, தூத்தூர்க்காரர்கள் போல வாரக்கணக்கில் ஓடுபவை அல்ல. ஆகவே இவர்களுக்கு இந்தப் பெட்டி எதற்கு என்ற கேள்வி நியாயமானது. இங்கே ஆபத்து வேறு வகை. எஞ்சின் நின்றால் நீரோட்டம் படகை இழுத்துக்கொண்டு போகும். மணல் தூர்ந்த முகத்துவாரத்தில் அலை உடையும்போது படகு கவிழும். வடக்கே கொஞ்சம் போனால் ஆந்திரக் கடல். எல்லைத் தகராறில் படகும் வலையும் பிடிபட்டால் தான் எங்கே இருந்தோம் என்று காட்டச் சான்று வேண்டும். டவர் எட்டும் தூரத்திலேயே இருந்தாலும் 2016இன் வர்தா போன்ற புயலில் முதலில் படுப்பது டவர்தான். அந்த நேரத்தில் மழையைத் தாண்டிப் பேசும் 12 சென்டிமீட்டர் அலை ஒன்று போதும்.

இனி, இந்தப் பெட்டி குறித்து மீனவர் கூட்டங்களில் எழும் சந்தேகத்துக்கு வருகிறேன். இது எங்களைக் காப்பதற்கா, எங்களைப் பார்ப்பதற்கா? இரண்டுக்கும்தான் என்பதே உண்மை. 20 மீட்டருக்குக் குறைவான படகுகளைக் கண்காணிக்க வேண்டும் என்ற யோசனை மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு பாதுகாப்பு அமைப்புகளிடமிருந்தே வந்தது. உயிர் காக்கும் யோசனை அதோடு சேர்ந்துகொண்டது. ஒரு மீனவருக்குத் தான் வலை போடும் இடம் என்பது தந்தையும் தாத்தாவும் சேர்த்துவைத்த சொத்து. கரையில் அடையாளம் பார்த்து, தண்ணீரின் நிறம் பார்த்து, ஆண்டுக்கணக்கில் கண்டுபிடித்த இடங்கள். பெட்டி அந்த இடங்களை ஒவ்வொரு நாளும் ஒரு சர்வரில் எழுதிக்கொண்டே போகும். அந்த ஏடு யாரிடம் இருக்கும், எத்தனை ஆண்டு இருக்கும், யார் திறந்து பார்க்கலாம்? துறைமுகம் கட்டுபவர் ஒருவர், இங்கே யாரும் மீன்பிடிப்பதில்லை என்று வாதிட அதே தரவைப் பயன்படுத்தலாம். அதே தரவை எடுத்து, இங்கே நாங்கள் தினமும் தொழில் செய்கிறோம் என்று மீனவரும் நிரூபிக்கலாம். ஏடு அவர் கையிலும் இருந்தால்தான் அது முடியும்.

2023ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், அரசு அமைப்புகளுக்கு விலக்கு அளிக்க இடம் வைத்திருக்கிறது. ஆகவே அந்தச் சட்டம் தானாக மீனவரைக் காக்கும் என்று நம்பியிருக்க முடியாது. பெட்டி பொருத்தும்போதே ஒரு பக்கத்தில் தமிழில் விதி எழுதிக் கொடுக்கலாம்: இருப்பிடத் தரவு எதற்கெல்லாம் பயன்படும், எதற்குப் பயன்படாது, உரிமையாளர் தன் தடத்தை எப்படிக் கேட்டுப் பெறலாம். மீனவர் கூட்டுறவுச் சங்கத்துக்கும் ஒரு திரை கொடுக்கலாம். கூனங்குப்பத்துப் படகு ஒன்று நகராமல் கிடக்கிறது என்றால் தரை நிலையத்தைவிட கூனங்குப்பத்துக்காரர்களுக்குத்தான் அதன் பொருள் முதலில் புரியும்.

ராக்கெட் நாள் தடைக்கும் இந்தப் பெட்டியே ஒரு வழி காட்டுகிறது. கழன்ற பாகங்கள் விழக்கூடிய கடற்பகுதி எது என்பது ஒவ்வொரு ஏவுதலுக்கும் முன்பே கணக்கிடப்பட்டு, மாலுமிகளுக்கு எச்சரிக்கையாகப் போகிறது. படகு எங்கே இருக்கிறது என்று மையத்துக்குத் தெரியும். மையம் சொல்வது படகுக்குக் கேட்கும். அப்படியானால் கரை முழுவதையும் நாள் முழுவதும் மூடுவதற்குப் பதிலாக, இன்ன பகுதிக்கு இத்தனை மணி வரை போகாதீர்கள் என்று சொல்லி, ராக்கெட் போனதும் கடலைத் திறந்துவிடலாம். தொழில்நுட்பம் கையில் வந்துவிட்டது. மீன்வளத் துறையும் விண்வெளி மையமும் உட்கார்ந்து பேச வேண்டியதுதான் பாக்கி.

2023 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொலைத்தொடர்புச் சட்டம், தந்திச் சட்டத்துக்கும் வயர்லெஸ் சட்டத்துக்கும் மாற்றாக வந்தது. அதன் முதல் அட்டவணை, ஏலம் இல்லாமல் நேரடியாக ஒதுக்கக்கூடிய அலைக்கற்றைகளைப் பட்டியலிடுகிறது. பேரிடர் மேலாண்மையும் வானிலை முன்னறிவிப்பும் அதில் உண்டு. எல், எஸ் பேண்டுகளில் நகரும் கருவிகளுக்கான செயற்கைக்கோள் சேவையும் உண்டு. படகுப் பெட்டியின் அலைவரிசை, அதிக விலை கேட்பவருக்குப் போய்விடாமல் சட்டம் வழி வைத்திருக்கிறது. இது நல்ல விதி என்றே நான் நினைக்கிறேன். ஆனால் ஏலம் இல்லை என்றால் அதிகாரியின் விருப்பம் என்று ஆகிவிடக் கூடாது. 2005இல் நடந்தது அதுதான். செயற்கைக்கோளிலிருந்து நேரே செல்போனுக்குப் பேசும் சேவைகளுக்காக உலகப் பெருநிறுவனங்கள் இப்போது இந்த அலைவரிசைகளைத் தேடி வருகின்றன. அடுத்த ஒதுக்கீட்டின்போது கடலுக்கு எவ்வளவு என்று எழுத்தில் இருக்க வேண்டும்.

அவசரத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஜிசாட்-6ஐ வடிவமைத்தபோது அதற்கு மதிப்பிட்ட ஆயுள் ஒன்பது ஆண்டுகள். 2015 ஆகஸ்ட் 27இலிருந்து எண்ணினால் அது 2024 ஆகஸ்ட் 27 அன்று முடிந்தது. படகுப் பெட்டித் திட்டம் தொடங்கியது அதற்கு மூன்று நாள் கழித்து. மதிப்பிட்ட காலத்தைத் தாண்டி உழைத்த செயற்கைக்கோள்கள் பல உண்டு, எரிபொருள் இருக்கும்வரை இதுவும் உழைக்கும். ஆனால் ஒரு லட்சம் படகுகளின் உயிர்க்கயிற்றை அப்படி ஒரு மிச்ச எரிபொருளில் கட்டிவைப்பது சரியல்ல. இதற்கு அடுத்த எஸ்-பேண்ட் செயற்கைக்கோள் எது, எந்த ஆண்டு, படகுகளுக்கு அதில் எவ்வளவு இடம் என்று மீனவர் குறைதீர் நாள் கூட்டத்தில் பழவேற்காட்டுக்காரர்கள் மனுவாகவே கொடுக்கலாம். டீசல் மானியத்துக்கும் முகத்துவாரத் தூர்வாரலுக்கும் கொடுக்கும் அதே மேசையில், அதே மாவட்ட ஆட்சியரிடம்.